ஸ்பானிய மொழியின் சார்புநிலை இறந்தகாலம்: வரலாறும் தமிழ்த் தொடர்பும்

சார்புநிலை இறந்தகாலம் என்பது ஸ்பானிய மொழியில் நடவாத செயலையும், விருப்பம், ஐயம், வேண்டுகோள் ஆகியவற்றைச் சார்ந்து நிற்கும் செயலையும் குறிக்கும் ஒரு வினை வடிவம். ஆங்கில இலக்கண நூல்கள் இதனை இம்பெர்ஃபெக்ட் சப்ஜங்டிவ் என்று அழைக்கின்றன. ஸ்பானியம் கற்கும் தமிழ் மாணவர்களுக்கு மிகவும் குழப்பம் தரும் பாடங்களுள் இதுவும் ஒன்று. பெயரில் இறந்தகாலம் இருக்கிறது. ஆனால் இது குறிக்கும் செயல் பல இடங்களில் நடந்து முடிந்ததே அல்ல. இந்த முரண்பாட்டுக்கான விளக்கம் லத்தீன் மொழியின் வரலாற்றில் உள்ளது. அதைவிட வியப்பளிப்பது, இதே போக்கு தமிழ் வினையிலும் காணப்படுவதுதான். 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் தமிழ் கற்ற போர்த்துக்கீசியத் துறவி ஒருவர் தமிழ் வினைகளுக்குள் சார்புநிலையைத் தேடி மிகவும் உழைத்தார். இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பகுதியிலிருந்து வாகனங்கள் ஸ்பானிய மொழி பேசும் நாடுகளுக்குச் செல்லும் காலத்தில், அந்தத் தேடல் எதிர்த்திசையில் மீண்டும் தேவைப்படுகிறது.

பெயரும் பொருளும்

ஐரோப்பிய இலக்கண மரபில் வினை, காலத்தைக் காட்டுவதோடு பேசுபவரின் மனநிலையையும் காட்டும். நடந்ததை நடந்ததாகச் சொல்வது ஒரு நிலை. கட்டளையிடுவது மற்றொரு நிலை. நடக்க வேண்டும் என்று விரும்புவது, நடக்குமோ என்று ஐயுறுவது, நடந்திருந்தால் என்று எண்ணிப் பார்ப்பது ஆகியவை மூன்றாவது நிலை. இந்த மூன்றாவது நிலைக்கு லத்தீன் இலக்கண ஆசிரியர்கள், 'கீழே இணைக்கப்பட்டது' என்னும் பொருள்படும் பெயரை இட்டனர். இவ்வினை பெரும்பாலும் வேறொரு வினையைச் சார்ந்து, அதன் துணைத் தொடரில் வருவதே காரணம். இக்கட்டுரையில் சார்புநிலை என்னும் சொல் அப்பொருளிலேயே ஆளப்படுகிறது.

தலைமை வினை இறந்தகாலத்தில் இருந்தாலோ, சொல்லப்படும் நிபந்தனை உண்மைக்கு மாறானதாக இருந்தாலோ ஸ்பானியத்தில் சார்புநிலை இறந்தகாலம் வரும். எடுத்துக்காட்டாக, "சி யோ த்ரபஹாரா என் ஒரகடம், பிபிரியா என் ஸ்ரீபெரும்புதூர்" என்னும் தொடரைக் காணலாம். 'நான் ஒரகடத்தில் வேலை பார்த்தால் ஸ்ரீபெரும்புதூரில் குடியிருப்பேன்' என்பது இதன் பொருள். இதைச் சொல்பவர் ஒரகடத்தில் வேலை பார்க்கவில்லை என்பதை 'த்ரபஹாரா' என்னும் வடிவமே உணர்த்திவிடுகிறது.

லத்தீனிலிருந்து வந்த இரு வடிவங்கள்

ஸ்பானியத்தில் இவ்வினைக்கு ஒன்றுக்கு இரண்டாக வடிவங்கள் உள்ளன. ஒன்று 'ரா' என முடியும். மற்றொன்று 'சே' என முடியும். 'பேசு' என்னும் பொருளுடைய 'ஆப்லார்' என்ற வினைக்கு 'ஆப்லாரா', 'ஆப்லாசே' என்னும் இரண்டும் சரியானவை. (ஸ்பானிய எழுத்தில் இச்சொல்லின் தொடக்கத்தில் ஹகரம் உண்டு, அது ஒலிக்கப்படுவதில்லை.)

லத்தீன் மொழியில் சார்புநிலை இறந்தகாலத்துக்கெனத் தனி வடிவம் இருந்தது. 'அன்பு செய்' என்னும் வினைக்கு அது 'அமாரெம்' எனப்படும். லத்தீன் பேச்சுமொழி ஸ்பானியமாக மாறிய நூற்றாண்டுகளில் அவ்வடிவம் வழக்கொழிந்தது. அதன் இடத்தை வேறு இரண்டு வடிவங்கள் நிரப்பின.

முதலாவது 'அமாவிஸ்ஸெம்'. இது லத்தீனிலேயே சார்புநிலையைச் சேர்ந்தது. 'அன்பு செய்திருந்தால்' என்பது போன்ற தொலை இறந்தகாலப் பொருள் உடையது. இது சுருங்கி 'அமாசே' ஆயிற்று.

இரண்டாவது 'அமாவெராம்'. இது சார்புநிலையே அன்று. 'அன்பு செய்திருந்தேன்' என்று நடந்ததைக் கூறும் சாதாரண வினை. இது சுருங்கி 'அமாரா' ஆயிற்று. இடைக்கால ஸ்பானியக் காப்பியங்களில் 'ரா' வடிவம் இந்தப் பழைய பொருளிலேயே வருகிறது. பின்னர் நிபந்தனைத் தொடர்களில் புகுந்து, படிப்படியாக நடவாததைக் குறிக்கத் தொடங்கி, இறுதியில் சார்புநிலை வடிவமாகவே நிலைபெற்றது. இன்று 'சே' வடிவத்தைவிட 'ரா' வடிவமே பெருவழக்கு. அமெரிக்கக் கண்டத்து ஸ்பானியத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

உடன்பிறந்த மொழியான போர்த்துக்கீசியம் வேறு வழியில் சென்றது. அங்கு 'அமாரா' என்பது இன்றும் 'அன்பு செய்திருந்தேன்' என்னும் பழைய பொருளையே தருகிறது, ஆயினும் அது இப்போது பெரும்பாலும் எழுத்து வழக்கில்தான் காணப்படுகிறது. சார்புநிலைக்கு 'அமாஸ்ஸெ' என்பதே வடிவம். ஒரே தாய்ச்சொல் ஒரு மொழியில் நடந்ததையும் மற்றொரு மொழியில் நடவாததையும் குறிப்பது, 'ரா' வடிவம் எவ்வளவு தூரம் பயணம் செய்தது என்பதைக் காட்டும்.

ஸ்பானியத்தில் ஏக்கத்தைக் குறிக்கும் 'ஓஹலா' என்னும் சொல்லும் இங்குக் கருதத்தக்கது. 'அப்படி நடக்கக் கூடாதா' என்னும் பொருளில் இச்சொல்லை அடுத்துச் சார்புநிலை வினை வரும். ஐபீரியத் தீபகற்பத்தில் அரபு மொழி வழங்கிய நூற்றாண்டுகளின் எச்சம் இது. 'இறைவன் நாடினால்' என்னும் பொருளுடைய அரபுத் தொடரிலிருந்து பிறந்தது. தமிழ் முஸ்லிம்கள் நாள்தோறும் சொல்லும் 'இன்ஷா அல்லாஹ்' இதற்கு நெருங்கிய உறவு. இரண்டிலும் உள்ள 'ஷாஅ' என்னும் அரபு வினை, வடிவத்தில் இறந்தகாலம். தமிழில் அதை மொழிபெயர்க்கும் 'நாடினால்' என்பதும் 'நாடினான்' என்பதில் உள்ள அதே இறந்தகாலப் பகுதியின் மேல்தான் நிற்கிறது.

நெப்ரிஹாவின் இலக்கணம்

அந்தோனியோ தெ நெப்ரிஹா 1492 ஆகஸ்டில் சலமாங்கா நகரில் தம்முடைய காஸ்டிலிய மொழி இலக்கணத்தை வெளியிட்டார். காஸ்டிலியம் என்பது இன்று ஸ்பானியம் எனப்படும் மொழியின் மற்றொரு பெயர். ஐரோப்பாவில் மக்கள் பேசிய மொழி ஒன்றுக்கு அச்சில் வந்த முதல் இலக்கணமாக இந்நூல் கருதப்படுகிறது. அரசி இசபெல்லாவுக்கு இது காணிக்கையாக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் கிரனாடா வீழ்ந்தது. கொலம்பஸ் கடற்பயணம் புறப்பட்டார்.

நெப்ரிஹா லத்தீன் இலக்கண ஆசிரியர். எனவே, லத்தீன் நூல்களின் வகைப்பாட்டை ஸ்பானியத்தின் மேல் பொருத்தினார். நடந்ததைக் கூறுவது, ஏவுவது, விழைவது, சார்வது, காலமும் இடமும் காட்டாதது என வினைக்கு ஐந்து நிலைகளைக் கொண்டார். விழைவதும் சார்வதும் வடிவத்தால் பெரிதும் ஒன்றே என்றாலும், மரபு கருதி அவற்றைப் பிரித்தே வைத்தார். பின்வந்த ஸ்பானிய இலக்கணங்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டன.

இந்த லத்தீன் அட்டவணை விரைவில் கடல் கடந்தது. மெக்சிகோவின் நாவாட்டல் மொழிக்கு அந்திரேஸ் தெ ஒல்மோஸ் 1547இல் ஓர் இலக்கணத்தை எழுதி முடித்தார். பெரு நாட்டின் கெச்சுவா மொழிக்கு தொமிங்கோ தெ சாந்தோ தொமாஸ் எழுதிய இலக்கணம் 1560இல் அச்சானது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அதே அட்டவணை தமிழுக்கும் வந்து சேர்ந்தது.

முத்துக்குளித்துறையில் ஒரு தேடல்

என்றிக்கே என்றீக்கஸ், தமிழ் நூல்களில் அண்டிரிக் அடிகளார் என்று குறிக்கப்படுபவர். 1520இல் போர்ச்சுகலின் வில்லா விசோசா என்னும் ஊரில் பிறந்த இவர், இயேசு சபைத் துறவியாக 1546இல் கோவாவுக்கு வந்தார். அடுத்த ஆண்டு முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். புன்னைக்காயலை மையமாகக் கொண்டு வாழ்ந்து 1600இல் மறைந்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இவர் ஆக்கிய நூல். தமிழ் எழுத்துகளில் அச்சேறி இன்று கிடைக்கும் நூல்களில் அதுவே பழையது.

மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் மக்களோடு பேச வேண்டும் என்பதற்காக அவர் தமிழைத் தாமே கற்றார். 1548 அக்டோபர் 31 அன்று வேம்பாற்றிலிருந்து எழுதிய கடிதத்தில் தாம் கற்ற முறையை விளக்கியுள்ளார். லத்தீன் வினைகளை அடுக்குவது போலத் தமிழ் வினைகளை அடுக்கியதாகவும், இறந்தகாலம், எதிர்காலம், சார்புநிலை முதலியவற்றைக் கண்டறியப் பெரும் பாடுபட்டதாகவும் அதில் தெரிவித்தார். தமிழில் ஒரு சார்புநிலை இருக்க வேண்டும் என்று கொண்டு ஒருவர் தேடியதற்கான மிகப் பழைய சான்றுகளுள் இக்கடிதம் ஒன்று.

அந்த உழைப்பின் பயனே 1549 அளவில் அமைந்த 'மலபார் மொழிக் கலை' என்னும் தமிழ் இலக்கணக் கையெழுத்துப் படி. அக்காலப் போர்த்துக்கீசியர் தமிழை மலபார் மொழி என்றே குறித்தனர். இதைப் புரிந்துகொள்ள லத்தீன் இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும் என்றும், லத்தீன் தெரியாதவர் ஜுவாவ் தெ பாரோஸ் எழுதிய போர்த்துக்கீசிய இலக்கணத்தைப் படிக்க வேண்டும் என்றும் ஆசிரியர் அறிவுறுத்துகிறார். பாரோஸின் நூல் 1540இல் லிஸ்பனில் வெளிவந்தது. ஆகவே பத்தே ஆண்டுகளுக்குள் அந்நூல் தமிழ்க் கடற்கரையில் தமிழ் கற்பதற்கான முன்பாடமாகிவிட்டது.

கையெழுத்துப் படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் உள்ளது. ஹான்ஸ் ஃபெர்மீர் 1982இல் இதனை ஜெர்மனியில் பதிப்பித்தார். ஜீன் ஹைன், வி. எஸ். ராஜம் ஆகியோர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் ஹார்வர்டு கீழைத்தேய வரிசையில் வெளிவந்தது.

தமிழில் சார்புநிலைக்கு ஈடு

என்றீக்கஸ் ஏன் அவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது? லத்தீன் அட்டவணையில் ஒரே கட்டத்தில் அடங்கும் பொருள், தமிழில் பல இடங்களில் பிரிந்து கிடக்கிறது.

விருப்பமும் வாழ்த்தும் வியங்கோள் வினைமுற்றுக்கு உரியவை. 'வாழ்க', 'வருக' என்பவை அத்தகையவை. நிபந்தனை வினையெச்சத்துக்கு உரியது. 'அவன் வர வேண்டும் என்று விரும்பினாள்', 'வரச் சொன்னாள்' என்னும் தொடர்களில் செயவென் எச்சமும் துணைவினையும் 'என்று' என்னும் இணைப்புச் சொல்லும் அந்த வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. 'வந்தது போல' என்பதில் உவம உருபு அதைச் செய்கிறது. ஆகத் தமிழில் சார்புநிலைப் பொருள் உண்டு. அதற்கென ஒரே வடிவம் இல்லை.

இவற்றுள் நிபந்தனை எச்சத்தின் வரலாறு தனிக் கவனத்துக்குரியது. பழந்தமிழில் பெருவழக்காக இருந்தது 'செயின்' என்னும் வாய்பாடு. 'வரின்', 'செய்யின்', 'காணின்' என்பவற்றில் வினைப்பகுதியோடு 'இன்' நேரடியாகச் சேர்கிறது; காலம் காட்டும் இடைநிலை இல்லை. தொல்காப்பியம் இதனை வினையெச்ச வாய்பாடுகளுள் ஒன்றாகக் கூறும். பவணந்தியாரின் நன்னூல் இதனை எதிர்காலத்துக்கு உரிய எச்சங்களோடு சேர்த்து எண்ணும்.

பிற்காலத் தமிழில் 'ஆல்' ஈறு செல்வாக்குப் பெற்றது. 'வந்தால்', 'செய்தால்', 'படித்தால்', 'சொன்னால்', 'போனால்' என்பவற்றைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் இறந்தகாலப் பகுதி இருப்பது தெரியும். 'வந்தான்' என்பதில் உள்ள 'வந்த்' என்பதே 'வந்தால்' என்பதிலும் உள்ளது. எதிர்மறையான 'வராவிட்டால்' என்பதிலும் 'விட்ட்' என்னும் இறந்தகாலப் பகுதி உண்டு. 'நாளைக்கு மழை பெய்தால்' என்று எதிர்காலத்தைப் பேசும்போதும் தமிழர் இறந்தகாலப் பகுதியையே எடுத்துக்கொள்கின்றனர்.

ஸ்பானியத்திலும் நிகழ்ந்தது இதுவே. நடவாததைச் சொல்லத் தனியே இருந்த பழைய வடிவம் மறைந்தது. இறந்தகாலப் பகுதியின் மேல் கட்டப்பட்ட வடிவம் அவ்விடத்துக்கு வந்தது. தொடர்பே இல்லாத இரு மொழிக் குடும்பங்களில் இப்போக்கு காணப்படுகிறது. நடந்து முடிந்தது பேசுபவரின் இக்கணத்திலிருந்து விலகி நிற்கிறது. நடவாததும் அவ்வாறே விலகி நிற்கிறது. அந்த விலகலைக் காட்ட மொழிகள் இறந்தகாலத்தைப் பயன்படுத்திக்கொள்கின்றன என்று இதனை விளக்கலாம்.

வடிவம் அமையும் முறை

இந்த வரலாறு தெரிந்தால், பாடநூல்களில் காரணம் கூறாமல் தரப்படும் விதி எளிதாக விளங்கும். 'அவர்கள் பேசினார்கள்' என்னும் இறந்தகாலப் பன்மை வடிவத்தை எடுத்து, ஈற்றிலுள்ள 'ரோன்' என்பதை நீக்கி, 'ரா' அல்லது 'சே' சேர்க்க வேண்டும். லத்தீனில் இந்தப் பன்மை வடிவமும் 'அமாவெராம்' என்பதும் ஒரே இறந்தகாலப் பகுதியிலிருந்து பிறந்தவை என்பதே இவ்விதியின் காரணம்.

ஆப்லார் (பேசு): ஆப்லாரோன், ஆப்லாரா, ஆப்லாசே.
கொமேர் (உண்): கொமியேரோன், கொமியேரா, கொமியேசே.
பிபிர் (வாழ்): பிபியேரோன், பிபியேரா, பிபியேசே.

ஸ்பானிய வினைகள் 'ஆர்', 'ஏர்', 'இர்' என முடியும் மூன்று வகையின. பின்னிரு வகைகளும் இங்கு ஒரே ஈற்றைப் பெறுவதால் மாணவர் கற்க வேண்டிய ஈறுகள் இரண்டு தொகுதியே. ஒழுங்கற்ற வினைகளுக்கும் இவ்விதி பிழையாமல் பொருந்தும். அவற்றின் இறந்தகாலப் பன்மை தெரிந்தால் போதும்.

இடங்களுக்கு ஏற்ப 'ஆப்லார்' பின்வருமாறு வரும்:

நான்: ஆப்லாரா
நீ: ஆப்லாராஸ்
அவன், அவள், தாங்கள்: ஆப்லாரா
நாம்: ஆப்லாராமோஸ்
நீங்கள் (ஸ்பெயின் வழக்கு): ஆப்லாராய்ஸ்
அவர்கள், நீங்கள்: ஆப்லாரான்

இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். ஒன்று, தன்மை ஒருமையும் படர்க்கை ஒருமையும் ஒரே வடிவம். தமிழில் 'பேசினேன்', 'பேசினாள்' என ஈறே ஆளைக் காட்டிவிடும். இங்குத் தேவையான இடத்தில் 'யோ' (நான்), 'எல்' (அவன்) என்று எழுவாயைச் சேர்க்க வேண்டும். மற்றொன்று அழுத்தம். 'ஆப்லாரா' என்பதில் நடு அசையை அழுத்தினால் சார்புநிலை. கடைசி அசையை அழுத்தினால் 'பேசுவான்' என்னும் எதிர்காலம். ஸ்பானிய எழுத்தில் எதிர்கால வடிவத்தின் இறுதி உயிர்மேல் ஒரு சாய்கோடு இடப்படும். அச்சாய்கோட்டை விட்டுவிட்டால் பொருளே மாறிவிடும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் இதன் தேவை

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் ஆலை 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010இலும், டைம்லர் வணிக வாகன ஆலை 2012இலும், ராயல் என்ஃபீல்டு ஆலை 2013இலும் செயல்படத் தொடங்கின. இப்பகுதியில் உருவாகும் வாகனங்கள் சென்னை, எண்ணூர் துறைமுகங்கள் வழியாகப் பல நாடுகளுக்குச் செல்கின்றன. மெக்சிகோ, சிலி, பெரு போன்ற லத்தீன் அமெரிக்கச் சந்தைகளும் அவற்றுள் அடங்கும். ராயல் என்ஃபீல்டு தன் மோட்டார் சைக்கிள்களை அர்ஜென்டினாவிலும் கொலம்பியாவிலும் பாகங்களாகக் கொண்டுசென்று பொருத்துகிறது. இந்நாடுகள் அனைத்திலும் ஸ்பானியமே பெருவழக்கு. ஆகவே உதிரிபாகக் கடிதங்களிலும் வாரண்டி விதிகளிலும் பழுதுநீக்கும் கையேடுகளிலும் சார்புநிலை இறந்தகாலம் தவிர்க்க முடியாதது.

அதைத் தவறாகப் படித்தால் என்ன நேரும் என்பதைப் பின்வரும் கற்பனை எடுத்துக்காட்டுகள் விளக்கும்.

"நோஸ் திஹேரோன் கே பராமோஸ் லா லீனேயா" என்பதற்கு 'நாம் லைனை நிறுத்தினோம் என்று நம்மிடம் சொன்னார்கள்' என்று பொருள். "நோஸ் திஹேரோன் கே பராராமோஸ் லா லீனேயா" என்பதற்கோ 'லைனை நிறுத்தும்படி நம்மிடம் சொன்னார்கள்' என்று பொருள். முன்னது செய்தி, பின்னது கட்டளை. இரண்டையும் வேறுபடுத்துவது 'ரா' என்னும் ஓரசை மட்டுமே. ஓடிக்கொண்டிருக்கும் உற்பத்தி வரிசையில் இந்த வேறுபாடு சிறியதன்று.

வாரண்டி வாசகத்தில் 'இப்பாகம் பழுதானால்' என்பதை 'ஃபாயா' என்று எழுதினால், பழுதாவது நடக்கக்கூடிய ஒன்று என்று பொருள். 'ஃபயாரா' என்று எழுதினால், அப்படி நேர்வது அரிது, ஒருவேளை நேர்ந்தால் என்று பொருள். தமிழில் இரண்டுக்கும் 'பழுதானால்' என்பதே வரும். ஆகவே மொழிபெயர்ப்பவர் 'ஒருவேளை', 'அப்படி நேரும் பட்சத்தில்' போன்ற சொற்களைச் சேர்த்தே வேறுபாட்டைக் காட்ட முடியும்.

பணிவான வேண்டுகோளில் இரு மொழிகளும் மிக நெருங்கி வருகின்றன. "லெஸ் அக்ரதெசெரியாமோஸ் கே என்பியாரான் லோஸ் ரெப்புவெஸ்தோஸ்" என்பது வணிகக் கடிதத்துக்கு ஏற்ற தொடர். 'உதிரிபாகங்களை அனுப்பினால் நன்றியுடையவர்களாக இருப்போம்' என்று தமிழில் எழுதுவோம். இங்கு 'என்பியாரான்', 'அனுப்பினால்' ஆகிய இரண்டுமே இறந்தகாலப் பகுதியின் மேல் அமைந்தவை. இரண்டுமே கட்டளையின் கூர்மையை மழுக்கிக் கேட்பவருக்கு மரியாதை தருகின்றன.

எல்லா இடத்திலும் 'ரா' கண்டவுடன் நடவாத செயல் என்று முடிவு செய்துவிடவும் கூடாது. ஸ்பானிய நாளிதழ்களிலும் வரலாற்று நூல்களிலும் 'முன்பு வெளியிட்டிருந்த நூல்' என்பது போன்ற இடங்களில், நடந்து முடிந்ததைக் கூறும் பழைய லத்தீன் பொருளில் 'ரா' வடிவம் இன்றும் வருவதுண்டு. 'சே' வடிவத்துக்கு அந்தப் பழம்பொருள் கிடையாது. ஐயம் எழும்போது முதலில் தலைமை வினையைப் பார்க்க வேண்டும். விருப்பம், ஐயம், ஏவல் ஆகியவற்றுள் ஒன்றோ, உண்மைக்கு மாறான நிபந்தனையோ அங்கு இருந்தால், அது சார்புநிலை. 'நூல்' போன்ற ஒரு பெயர்ச்சொல்லை விளக்கும் தொடராக மட்டும் வந்து, நடந்த செய்தியைச் சொன்னால், அது 'வெளியிட்டிருந்த' என்று பெயரெச்சமாக மொழிபெயர்க்கத்தக்க பழைய வினை.